யாருடைய சௌகரியத்துக்கு இந்தப் பை

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். பத்திரிகையில் போட்டோகிராபராகப் புதிதாகச் சேர்ந்தவளாம். "கோமதி மேடம், கேமரா, லென்ஸ் எல்லாம் வச்சுக்க நல்ல சௌகரியமான பேக் எதாக்கும்? ஆபீஸ்ல ரெண்டு மாடல் காட்டி, உனக்கு இதுதான் சௌகரியம்னு சொல்லறா" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "யாரு சொன்னா சௌகரியம்னு? சொன்னவாளை அதை முதல்ல தோள்ல மாட்டிண்டு தம்பானூர்லேருந்து செக்ரட்டேரியட் வரைக்கும் ஓடிக் காட்டச் சொல்லு" என்றேன். பாவம், அந்தப் பெண் சீக்கிரமே போனை வைத்துவிட்டாள்.

கோபம் அவள் மேல் இல்லை, அந்தச் சொல்லின் மேல். திருவனந்தபுரத்தில் ஒரு நாளிதழுக்குப் படம் எடுத்து, தலை நரைத்து, ரிட்டயர் ஆனவள் நான். அத்தனை வருடத்தில் 'உன்னால் முடியாது' என்று என் முகத்துக்கு நேரே யாருமே சொன்னதில்லை. 'உனக்குச் சௌகரியமாக இருக்கும்' என்றுதான் சொன்னார்கள். பூக்கண்காட்சிக்குப் போ, சௌகரியம். சமையல் போட்டிக்குப் போ, அதைவிடச் சௌகரியம். கல்லெறியும் தடியடியும் நடக்கிற இடத்துக்கு ஆண்கள் போகட்டும். இப்படிச் சௌகரியம் செய்து செய்தே ஒரு ஆளை மூலையில் உட்கார வைத்துவிடலாம். நான் உட்காரவில்லை. அதற்கு ஒரு பைக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் பிறந்து வளர்ந்தது இதே ஊரில், கரமனை அக்ரஹாரத்தில். தொழில் கற்றுக்கொண்டது ஒரு கல்யாண ஸ்டூடியோவில். பெண் ஒருத்தி இருந்தால் மணப்பெண்ணின் அறைக்குள் விடுவார்கள் என்பதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே போக்கஸும் வெளிச்சமும் படித்தேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாளிதழில் சேர்ந்தபோது எங்கள் தலைமை போட்டோகிராபர் சிவதாணு சார். நாஞ்சில் நாட்டுக்காரர். குடும்பத்துக்கு ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடை இருந்தது. இவர் மட்டும் பருப்பு மூட்டையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினவர். ஆபீஸ் முழுக்க மலையாளம். நாங்கள் இருவர் மட்டும் தமிழில் பேசிக்கொள்வோம். அவர் தமிழ் ஒரு மாதிரி, என் தமிழ் ஒரு மாதிரி. பக்கத்தில் இருப்பவர்கள், "இது ரெண்டும் ஒரே பாஷைதானா?" என்று கிண்டல் செய்வார்கள்.

சிவதாணு சார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஆனால் காலையில் அவர் மேஜைக்கு முன்னால் நிற்பது பரீட்சைக்கு நிற்கிற மாதிரி. டியூட்டிக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவரும் பையைக் கொண்டுபோய் அந்த மேஜை மேல் வைக்க வேண்டும். முதலில் இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். இரண்டு விரலுக்கு அசையாத பை, ஓடுகிற ஆளைக் குப்புறத் தள்ளும் என்பது அவர் கணக்கு. பிறகு ஜிப்பைத் திறந்து மூடுவார். கரகரவென்று சத்தம் கேட்டால் மெழுகு தேய்த்துக்கொண்டு வரச் சொல்வார். ஜிப்பின் வாய் நம் உடம்பைப் பார்த்து இருக்க வேண்டும், ஊரைப் பார்த்து இருக்கக் கூடாது. அடுத்தது, ஈரத்தை உறிஞ்சுவதற்காக உள்ளே போட்டிருக்கும் சிலிக்கா பொட்டலம். மணிகள் நீலமாக இருந்தால் தலையை ஆட்டுவார். வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலம் அசட்டையாக இருந்தால் போதும், லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும்.

அந்தப் பொட்டலங்களைப் பிரித்து நான் வீட்டில் தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்கிக் காயவைப்பேன். "ஏண்டி, தோசைக்கல்லுல என்னத்தையோ வறுக்கறயே, ஆத்துல இருக்கறவாளை மொத்தமா அனுப்பறதுக்கா?" என்று அம்மா கத்துவாள். கடைசியில் பொறுக்க முடியாமல் எனக்கென்று தனியாக ஒரு கல் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேல் கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. "கண்ண மூடு மக்கா" என்பார். மூட வேண்டும். "பெரிய லென்ஸ எடு." எடுக்க வேண்டும். "வச்சிட்டு பிளாஷ எடு. இப்பம் புது பேட்டரி." கை தடவிக்கொண்டு நின்றால் கோபிக்க மாட்டார். "போயி ஒரு சாயா குடிச்சிட்டு வா" என்பார், அவ்வளவுதான். சாயா குடித்துவிட்டு வருவதற்குள் நம் டியூட்டி வேறு ஒருவருக்குப் போயிருக்கும்.

இந்தப் பரீட்சையில் நான் ஆரம்பத்தில் தினமும் தோற்றேன். காரணம் என் கை இல்லை, ஆபீஸ் பை. கறுப்பாக, பெட்டி மாதிரி, ஆறடி ஆளின் இடுப்புக்கு என்று தைத்தது அது. நானோ ஐந்தடிக்கும் குறைவு. தோளில் மாட்டினால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் வந்து இடிக்கும். பஸ்ஸில் ஏறினால் பை முதலில் ஏறும், நான் பிறகு ஏற வேண்டும். வாரைச் சுருக்கினால் பை அக்குளில் வந்து உட்கார்ந்துகொள்ளும், கையை உள்ளே விட வழி இருக்காது. இதைச் சொன்னபோது ஒரு சீனியர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப ஸ்டூடியோ வேலை கேட்டு வாங்கிக்கோ, சௌகரியமா இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாயங்காலமே ஆரியசாலைக்குப் போனேன். லாரிக்குப் படுதா தைக்கும் கடை ஒன்று இருந்தது. கெட்டிப் படுதாத் துணியில், பட்டையான அடிப்பாகத்தோடு, வயிற்றுக்குக் குறுக்கே தொங்குகிற மாதிரி ஒரு பை தைக்கச் சொன்னேன். வாருக்கு எது போட்டாலும் தோளை அறுத்தது. கடைக்காரர் கடைசியில் கட்டிலுக்குப் பின்னுகிற அகல நாடாவை இரண்டு மடிப்பாக வைத்து அடித்துக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன். பை என் முன்னால் இருந்தது, என் கண் பார்வையில், என் கைக்கு அடியில். கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்று லென்ஸை எடுத்து எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை அதைச் சிவதாணு சாரின் மேஜை மேல் வைத்தேன். இரண்டு விரலால் வாரைத் தூக்கினார்.

"கட்டிலு நாடாவா இது? படுத்துக்கிட்டா படம் எடுக்கப் போறே?"

"தேவைப்பட்டா படுத்துண்டும் எடுப்பேன் சார்."

"வாயப் பாரு. கண்ண மூடு."

மூடினேன். அவர் கேட்டதெல்லாம் அவர் கேட்டு முடிப்பதற்குள் மேஜை மேல் இருந்தது. அன்றைக்கு என்னைச் செக்ரட்டேரியட் முன்னால் நடந்த மாணவர் மார்ச்சுக்கு அனுப்பினார். தண்ணீர் பீரங்கி அடித்தார்கள். தொப்பலாக நனைந்து, ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, படத்தோடு வந்தேன். அதற்குப் பிறகு பூக்கண்காட்சிக்கு வேறு ஆள் பார்த்தார்கள்.

அந்தப் படுதாப் பை கிழிந்து, அதே மாதிரி இன்னொன்று தைத்து, அதுவும் கிழிந்து, மூன்றாவதும் தைத்துக்கொண்டேன். பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. கேமரா கனத்தது, லென்ஸ் அதைவிடக் கனத்தது. ஒரு மழைக்காலத்தில் வலது தோளில் ஒரு குத்தல் ஆரம்பித்தது. மருந்து தடவினேன். போகவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. சடை பின்ன வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "புது ஸ்டைலாக்கும்!" என்றார்கள் ஆபீஸில். "ஆமா, நன்னா இருக்கா?" என்றேன். வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் நான் வாயைத் திறக்காமலே அந்த வார்த்தை வந்தது. நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். பெண் ஊழியர்களின் சௌகரியத்தை முன்னிட்டு இனி போட்டோகிராபர்கள் எல்லாரும் கம்பெனி வாங்கித் தரும் முதுகுப் பையைத்தான் பயன்படுத்த வேண்டும், வேறு பை கொண்டுவருபவர்களுக்கு வெளி டியூட்டி கிடையாது என்று. எங்கள் பிரிவில் பெண் ஊழியர்கள் என்றால் அது நான் ஒருத்திதான்.

அந்த முதுகுப் பை மட்டமான பை என்று சொல்ல மாட்டேன். தடித்த பஞ்சு வைத்த இரண்டு வார், இடுப்பில் ஒரு பெல்ட், காற்று போக முதுகில் வலை. மாட்டினால் பாரம் பாதியான மாதிரி இருக்கும். மலை ஏறுகிறவர்களுக்கும் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் அற்புதமான பை. என் வேலை கூட்டத்துக்குள். கூட்டத்தில் நிற்பவளுக்கு முதுகில் கண் இல்லை. நான் திரும்பினால் பையும் திரும்பும், யார் மூக்கில் இடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் பையைக் கழற்ற வேண்டும், கழற்றி வைக்கத் தரையில் இடம் வேண்டும். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

பொங்காலைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். "பொங்காலைக்கு இதை மாட்டிண்டு போய் ஒரு திரும்பு திரும்பினா, பின்னால யாரோ ஒருத்தியோட பானை கவிழும். ஒரு வருஷம் வேண்டிண்டு வந்தவ அவ. அவகிட்ட யாரு பதில் சொல்லறது?" என்று கேட்டேன்.

சிவதாணு சார் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "சர்க்குலர்ல உள்ளதச் செய், கோமதி" என்றார்.

"அதுல என்னை எதுக்கு சார் இழுத்தேள்?"

"ஒன் பேரு அதுல இல்லையே."

"ஒரே ஒரு பொம்மனாட்டி இருக்கற எடத்துல பேர் வேற எழுதணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எந்தப் பையையும் தொட்டுப் பார்க்காமல் விடாத மனுஷர், அந்தப் புதுப் பையை மேஜை மேல் வைத்து இரண்டு விரலால் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போதே உறுத்தியது.

நான் மாட்ட மாட்டேன் என்றேன். என்னைப் படங்களுக்குக் குறிப்பு எழுதும் மேஜையில் உட்கார வைத்தார்கள். ஏசி அறை, சுழலும் நாற்காலி, நேரத்துக்கு சாயா. மற்றவர்கள் வெயிலில் நின்று எடுத்துக்கொண்டு வந்த படத்தின் கீழே 'இடமிருந்து வலம்' என்று எழுத வேண்டும். என் தோளுக்கு அது சுகம்தான். வயிற்றெரிச்சலில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. போகிற வருகிற ஆண்கள் எல்லாம் அந்தப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, "சேச்சியோட புண்ணியம், நடுவு ரட்சப்பட்டு" என்று நன்றி வேறு சொன்னார்கள். நடுவு என்றால் இடுப்பு. என் பெயரில் ஊரே சௌகரியப்பட்டது.

பொங்காலை வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அன்றைக்கு எங்கள் ஊரின் தெருவெல்லாம் பெண்களுடையது. அம்மன் கோயிலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரோட்டில் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு வைத்து, புதுப் பானையில் பாயசம் வைப்பார்கள். ஓர் அடுப்புக்கும் அடுத்த அடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்காக நிற்கத்தான் இடம். ஆண் போட்டோகிராபர்கள் மொட்டை மாடியில் நின்று எடுப்பார்கள். உள்ளே போய் முகம் முகமாக எடுக்க ஒரு பெண் வேண்டும்.

முதல் நாள் சிவதாணு சார் என் மேஜைக்கு வந்து அந்தப் புதுப் பையை வைத்தார். "நாளைக்கு பொங்காலைக்கு நீ போகணும். இதத்தான் மாட்டணும். இதுல ஏதாவது கொழப்பம் வந்துதுன்னு வை, பொறவு மேல நான் பேச முடியாது. ஒனக்கு டெஸ்க்குதான், கடைசி வரைக்கும். கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அந்தப் பையை எடுத்து முன்பக்கமாக மாட்டினேன். இரண்டு கையையும் வாருக்குள் விட்டு, மார்பில் தொங்குகிற மாதிரி. அடுப்புப் பொறி பட்டால் நைலான் பொத்துப்போகும் என்று ஒரு வெள்ளைத் தோர்த்துத் துண்டை நனைத்து அதன் மேல் போர்த்திக் கழுத்தோடு முடிந்துகொண்டேன். இப்படியே ரோட்டில் இறங்கினேன்.

கோயிலில் முதல் அடுப்பு மூட்டியதும் தீ கைமாறிக் கைமாறி வந்தது. கொஞ்ச நேரத்தில் எதிரே நிற்பவள் முகம் தெரியாத புகை. நான் அடுப்புகளுக்கு நடுவில் ஓரடி ஓரடியாக நகர்ந்தேன். என்ன ஆச்சரியம், எல்லாரும் வழி விட்டார்கள்! பானையை நகர்த்தி, புடவையை ஒதுக்கி, கையைப் பிடித்துத் தாண்டிவிட்டார்கள். "பையெப் போ மோளே, சூட்சிச்சு" என்றாள் ஒருத்தி. மெதுவாகப் போ, கவனம் என்று. பத்திரிகைக்காரிக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கே பெருமையாகப் போனது.

ஓரிடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. சாம்பல் பறக்கிறது, கேமராவைத் திறந்தால் உள்ளே போய்விடும். கொஞ்சம் குனிந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, தோர்த்துக்கு அடியில் கையை விட்டேன். அவ்வளவுதான், பக்கத்து அடுப்புக்காரி எழுந்து வந்து தன் முந்தானையை விரித்து எனக்கு முன்னால் பிடித்தாள். அந்தப் பக்கம் இன்னொருத்தி மேலே போட்டிருந்த நேரியதை அவிழ்த்துத் திரை கட்டினாள். "நோக்காதெ அங்ஙோட்டு!" என்று தூரத்தில் நின்ற ஒரு போலீஸ்காரரை விரட்டினார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! என் நரைத்த தலையைப் புகை மறைத்துவிட்டது.

நான் என்ன செய்வது? லென்ஸ் பாதி கழன்ற நிலை. தொழில் வாழ்க்கையில் அத்தனை சுத்தமான, காற்றடிக்காத ஒரு இடத்தில் நான் லென்ஸ் மாற்றியதே இல்லை. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, கல்யாணமே ஆகவில்லை. அந்தத் திரைக்குள் நின்றபோது கண் கலங்கியதா என்று கேட்பார்கள். புகையில் அது காலையிலிருந்தே கலங்கிக்கொண்டுதான் இருந்தது.

மத்தியானம் நைவேத்தியத்துக்குக் கோயில் பூசாரி, சாந்திக்காரர், தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எனக்கு வேண்டியது அந்தப் படம்தான்: அவர் கையிலிருந்து மேலே எழும்பும் தண்ணீர், அதற்குக் கீழே நிமிர்ந்த முகங்கள். கேமராவைத் தூக்கினேன், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. படம் கிடைத்தது. கிடைத்த மறு நொடி முந்தானை பிடித்த அந்தப் பெண், "திருமேனீ, குஞ்ஞினு! குஞ்ஞினு கொறச்சு கூடுதல்!" என்று கூவினாள். குழந்தைக்குக் கொஞ்சம் அதிகமாகவாம். சாந்திக்காரர் மனசு இளகி ஒரு குடம் தீர்த்தத்தை அள்ளி என் மார்பில் வீசினார்.

"ஐயோ, கேமரா!" என்று அலறித் தோர்த்தை இழுத்தேன். உள்ளே கறுப்புப் பையும் லென்ஸ் மூடியும். முந்தானைக்காரி எட்டிப் பார்த்தாள். பிறகு அந்தத் தெருவே சிரித்தது. முந்தானைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இத்தற நேரம் ஞான் கேமராய்க்கா மற பிடிச்சது!" என்றாள், முந்தானையை உதறிக் காட்டி. சிரித்து முடித்து, தன் பாயசத்தில் முதல் கரண்டியை எனக்குத்தான் கொடுத்தாள். ஒரு பானைகூடக் கவிழவில்லை. பைக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் முன்பக்கம் தொங்கிய பாரம் என் தோளை நாள் முழுக்க இழுத்திருக்கிறது. ஆபீஸுக்கு வந்து சிவதாணு சாரின் அறையில் நின்று பையைக் கழற்றப் பார்த்தால் வலது கை வரவில்லை. முழங்கை மார்போடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இடது கையால் வாரைத் தள்ளினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்பம்லேருந்து?"

"கொஞ்ச நாளா."

"அதுக்கா முடிய வெட்டினே?"

அவர் எழுந்து வந்து வாரின் கிளிப்பை அழுத்தி, பையை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார். "ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அனுப்புவேளா?"

அவர் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சட்டையின் கீழ்ப் பட்டன்கள் இரண்டைக் கழற்றினார். உள்ளே இடுப்பைச் சுற்றி, விலா வரைக்கும், டாக்டர்கள் கொடுக்கும் அகலப் பெல்ட். பழையது, ஓரமெல்லாம் நைந்து போனது.

"குனிய முடியல்ல. ஒக்காந்தா எந்திக்க முடியல்ல. அந்தப் பை யாருக்காக வந்துதுன்னு நெனச்சே?" என்றார். "எனக்கு நடுவு போச்சுன்னு மேல போயிச் சொல்லணும். சொல்ல நாக்கு வரல்ல, கோமதி. அப்பம் ஒன்னச் சொன்னேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! இத்தனை நாள் என் பெயரைச் சொல்லிச் சிரித்தது, நன்றி சொன்னது, என்னை மூலையில் உட்கார வைத்தது, எல்லாம் இந்த மனுஷரின் முதுகுக்காக. அவருக்கு வலி, எனக்குத் தண்டனை. பக்கத்தில் பாரமாக ஏதாவது இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன், கை வரவில்லை.

"உங்க வலியை என் பேர்ல எழுதினேளே, உங்களுக்கு வெக்கமா இல்லையா சார்?" என்றேன். சத்தமாகவே கேட்டேன். "நாளைக்குக் காலம்பற மேனேஜர்கிட்டப் போய் என் பேரை எடுத்துட்டு உங்க பேரைச் சொல்லுங்கோ. நானும் வரேன். என் தோளை நானே சொல்லிக்கறேன். எனக்கு யாரும் சிபாரிசு பண்ண வேண்டாம்."

"அனுப்ப மாட்டாவ, பாத்துக்கோ."

"அதை அப்போ பார்த்துக்கலாம்."

போனோம். சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நானும் சொன்னேன்: தோள் வலிக்கிறது, மருந்து சாப்பிடுவேன், வேலைக்கும் போவேன், என் பையை நான்தான் தேர்ந்தெடுப்பேன். அன்றைய முதல் பக்கத்தில் என் தீர்த்தப் படம் அகலமாக வந்திருந்தது. மேனேஜரால் என்னை ஒன்றும் சொல்ல முடியவில்லை. சர்க்குலரைக் கிழித்தார்கள். அவரவர் உடம்புக்கு எது சரியோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு சிவதாணு சாரின் பக்கம் திரும்பி மேனேஜர் மிகவும் அன்பாகச் சொன்னார்: "சார் இனிமே வெளியே அலைய வேண்டாம். உள்ளேயே சௌகரியமாக இருக்கட்டும்."

நான் உட்கார்ந்திருந்த அதே சுழல் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். அவர் உட்கார்ந்தார். கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். காலையில் எங்கள் பைகளைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் தீர்ந்திருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு ஆள் எப்படிச் சுருங்கிப்போவார் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு போக வர என்னால் முடியவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை எனக்கு விழிஞ்ஞத்தில் டியூட்டி. மற்றக் கரைகளில் கடல் சீறும்போது அந்தப் பக்கத்துப் படகெல்லாம் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குத்தான் வந்து சேரும். காலெடுத்து வைக்க இடம் இல்லாத அளவுக்குப் படகும் மீனும் ஆளுமாக இருக்கும். சிவதாணு சார் ஒரு காலத்தில் வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்காத இடம் அது. நான் ஸ்டோரில் சாவி வாங்கி, பீரோவைத் திறந்து, அவர் கேமராவை எடுத்து என் பைக்குள் வைத்தேன். நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"எழுந்திருங்கோ சார்."

"என்னா?"

"விழிஞ்ஞம். உங்க கேமரா என் பைல இருக்கு. நீங்க கையை வீசிண்டு வந்தாப் போறும்."

"எனக்கு டூட்டி போடல்லியே."

"எனக்குப் போட்டிருக்கு. என்னோட வரதுக்கு எவன் கேக்கறான்?"

"ஒனக்குத் தோளு..."

"வலிக்கறது. அதுக்கென்ன இப்போ? உங்களுக்கு வலிக்கலையா?"

அவர் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழ நேரமானது. துறைமுகத்தில் நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கேமராவைக் கையில் வாங்கியதும் என்னை மறந்துவிட்டார். கரையேறுகிற படகை இழுக்கும் ஆட்களின் நடுவே போய் நின்று, அவர்கள் திட்டத் திட்ட நகராமல் எடுத்தார். அவர் எடுத்த படம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அவர் பெயரைப் போட்டே டெஸ்க்குக்கு அனுப்பினேன்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சிவதாணு சார் பெயரோடு படம் வந்த பக்கத்தை மேஜை மேல் விரித்து வைத்திருந்தார். அவர் மலையாளத்தில் கேட்டதையும் நான் மலையாளத்தில் சொன்னதையும் தமிழில் எழுதுகிறேன்.

"இவருக்கு டியூட்டி போடவில்லையே, படம் எப்படி வந்தது?"

"போய் எடுத்தார்."

"கேமராவை யார் சுமந்தது?"

"நான்தான். என் பை, என் தோள். அதில் எதை வைத்துச் சுமப்பது என்பது என் இஷ்டம்."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரலை இறக்கினார். "கோமதி, அவர் நன்மைக்காகத்தான் சொல்கிறோம். அந்த உடம்போடு அலைவதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குச் சௌகரியம்."

"என்னிடம் ஏன் சொல்கிறீர்கள் சார்? அவரையே கேளுங்கள். இதோ, வாசலில் நிற்கிறார். உங்கள் பியூன் இரண்டு தடவை நாற்காலி போட்டுவிட்டான், உட்காரமாட்டேன் என்கிறார்."